போட்ட காசும் இனிப் போடும் காசும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டிலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது 40 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்களுக்கே. மிச்சமுள்ளோரில் ஒரு பகுதியினர் கொழும்பிலுள்ள தனியார் கல்வி நிறுவனங்களையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த பட்டப்படிப்புகளையும் நாடுகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெற்றார் இதில் எவருக்கும் பின்னிற்பவர்கள் அல்லர். நகையை அடகு வைத்தும், சீட்டை எடுத்தும், வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கேட்டும் முதலாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சிக்கல் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தோடு தொடங்குகிறது. அந்த வேளையில் பிள்ளையைச் செலவு குறைந்த வேறொரு படிப்புக்கு மாற்றுவது சரியா, சரியென்றால் எப்போது, எப்படி என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. பெரும்பாலான குடும்பங்கள் இந்த மாற்றத்தைத் தோல்வியாக எண்ணித் தள்ளிப்போடுகின்றன. தள்ளிப்போடுவதே பெரிய நட்டம் என்பது என் முடிவு. இதுவரை எவ்வளவு கட்டினோம் என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, இனி எவ்வளவு கட்டவேண்டும், அதற்கு எந்தச் சான்றிதழ் கைக்கு வரும் என்ற இரண்டை மட்டும் கேட்டால் பல வீடுகளில் விடை தெளிவாகவே கிடைக்கும்.

முதலில், இந்தக் குடும்பங்கள் ஏன் இந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன என்று பார்க்கவேண்டும். பெருமை ஒரு காரணம்தான், ஆனால் முதற்காரணம் அதுவல்ல. காத்திருப்பே முதற்காரணம். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 சனவரியிலும் பெப்ரவரியிலும் நடந்தது. முடிவுகள் அந்த ஆண்டு செப்ரெம்பரில் வந்தன. அதன் பின்னரே விண்ணப்பம், இசட் புள்ளி அடிப்படையிலான வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. பரீட்சை எழுதிய பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்க ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருக்கவேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் நாளிதழ்களிலும் முகநூலிலும் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்கள் நிறைகின்றன. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்குப் புறப்படுகிறார்கள். பிள்ளை சும்மா இருக்கிறானே, இருக்கிறாளே என்ற பதற்றத்தில் எடுத்த முடிவைப் பெற்றாரின் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவசரத்தில் எடுத்த முடிவு நான்கு ஆண்டுக்கும் கட்டாயமாகிவிடவேண்டும் என்ற நியதியும் இல்லை.

இரண்டாவது காரணம் 2022இன் பொருளாதார வீழ்ச்சி. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்றது. மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. வெளிநாட்டுப் பட்டத்துக்குரிய கட்டணத்தின் ஒரு பகுதியைப் பவுணில் கட்டவேண்டிய குடும்பத்துக்கு, பிள்ளை அதே வகுப்பில் அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருக்க, அந்தப் பகுதி மட்டும் சில மாதங்களில் ரூபாயில் ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிட்டது. நாணயம் பின்னர் ஓரளவு நிலைபெற்றது. விலைகளோ பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ ஒரு அறை, கடைச் சாப்பாடு, மாதம் ஒருமுறை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பஸ் பயணம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பல வீடுகளில் கல்லூரிக் கட்டணத்துக்குச் சமமான இன்னொரு கட்டணம் வந்து நிற்கும். கையேட்டில் அச்சாவது முதலாவது கட்டணம் மட்டுமே. குடும்பத்தை நெரிப்பது பெரும்பாலும் இரண்டாவது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வாசகர் தம் வீட்டுத் தொகைகளை இட்டுக்கொள்ளலாம். நான்கு ஆண்டுப் படிப்பு ஒன்றில் முதலாம் ஆண்டு முடிந்து 5 இலட்சம் கட்டியாயிற்று. இனி மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 6 இலட்சம் வீதம் 18 இலட்சம். கொழும்பில் இருக்க மாதம் 45 ஆயிரம் என்றால் 36 மாதங்களுக்கு 16 இலட்சத்து 20 ஆயிரம். ஆக இனிமேற் செலவு 34 இலட்சத்து 20 ஆயிரம். மாறாக, பிள்ளை ஊருக்குத் திரும்பி அரச பல்கலைக்கழகமொன்றின் வெளிவாரிப் பட்டத்தை முதலிலிருந்து தொடங்குவதாகக் கொள்வோம். மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு நான்கு ஆண்டு எடுக்கட்டும். பதிவு, பரீட்சைக் கட்டணம், தனியார் வகுப்பு எல்லாமாக 5 இலட்சம். வீட்டிலிருந்து சாப்பாடும் பஸ்ஸும் மாதம் 12 ஆயிரம் வீதம் 48 மாதங்களுக்கு 5 இலட்சத்து 76 ஆயிரம். ஒரு வருடம் பிந்தி வேலைக்குப் போவதால் இழக்கும் சம்பளத்தையும் மாதம் 60 ஆயிரம் வீதம் 7 இலட்சத்து 20 ஆயிரமாகச் சேர்ப்போம். மொத்தம் 18 இலட்சத்துக்கு உள்ளே நிற்கிறது. 16 இலட்சத்துக்கு மேல் மிச்சம். கட்டிய 5 இலட்சம் இரண்டு பக்கத்திலும் வராததைக் கவனிக்கவேண்டும். பிள்ளை அங்கேயே தொடர்ந்தாலும் மாறினாலும் அந்தக் காசு திரும்பப்போவதில்லை. ஆகவே முடிவெடுக்கும் கணக்கில் அதற்கு இடமில்லை. மிச்சமாகும் 16 இலட்சத்துள், அடகு வைத்த நகைக்கும் வங்கிக் கடனுக்கும் போகும் வட்டி இன்னும் சேரவில்லை.

அப்படியானால் எங்கே மாறுவது? குடாநாட்டுப் பெற்றார் பலருக்கு மாற்று வழிகளின் பெயர் தெரியும், உள்விபரம் தெரியாது. எல்லாவற்றிலும் செலவு குறைந்தது அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரி அனுமதியே. தனியார் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதால் அந்தக் கதவு மூடப்படுவதில்லை. உயர்தரத்தை மூன்று தடவை எழுத இடமுண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் தவிர நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் நாலைந்தை மட்டும் எழுதிவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று சொல்லும் வீடுகள் உண்டு. யாழ்ப்பாணத்திலோ, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலோ, கிழக்கிலோ ஒரு இடம் வந்தால் வகுப்புக் கட்டணமில்லை. வருமானத்துக்கேற்ப மகாபொல புலமைப்பரிசிலோ வேறு நிதியுதவியோ கிடைக்கும். கொழும்பில் ஒரு வருடம் படித்துவிட்டோமே என்பதற்காக அந்த இடத்தைக் கைவிடுவது எந்தக் கணக்கிலும் ஒத்துவராது.

உள்வாரி இடம் கிடைக்காதவர்களுக்கு மூன்று வழிகள் முக்கியமானவை. குருநகர்க் கடற்கரை வீதியிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம், 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச நிறுவனத்தின் கிளை. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்ற துறைகளில் உயர் தேசிய டிப்ளோமாக்களை வழங்குகிறது. முழுநேர மாணவருக்கு வகுப்புக் கட்டணம் இல்லை. அடுத்தது 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம். அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பட்டம் அரச பட்டம். எடுக்கும் பாடங்களுக்கேற்பக் கட்டணம் கட்டலாம் என்பதால், கையில் காசு குறைந்த ஆண்டில் பாடங்களைக் குறைத்துக்கொண்டு பதிவை இழக்காமல் தொடர முடிகிறது. கடன் வாங்கித் தவணை கட்டும் குடும்பத்துக்கு இந்த வசதியின் அருமை தெரியும். மூன்றாவது வெளிவாரிப் பட்டங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் பி.ஐ.ரி. எனும் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இதில் நன்கு அறியப்பட்டது. முதலாம் ஆண்டோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா, மூன்றும் முடித்தால் பட்டம் என்று படிப்படியாக அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கலை, வணிகத் துறைகளில் வெளிவாரிப் பட்டங்களை நடத்துகிறது.

வெளிவாரிப் பட்டம் என்றதும் முகம் சுளிப்போருக்கு யாழ்ப்பாணத்தின் சொந்த வரலாறே பதில் சொல்லும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதலாவது பட்டத் தேர்வில் சித்தியடைந்தவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள். அடிப்படைக் கல்வியைக் குடாநாட்டில் பெற்றுவிட்டு, பட்டத்தைக் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுமூலம் வாங்கியவர்கள். 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை வெளியாருக்குத் திறந்துவிட்ட பின், உள்ளூரிலிருந்தே படித்து அந்தத் தேர்வுகளை எழுதுவது இலங்கையில் நன்கு வேரூன்றிய வழியாயிற்று. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிகூடத் தன் மாணவர்களை இலண்டன் தேர்வுக்கே தயார்செய்தது. இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்தது 1942இல்தான். யாழ்ப்பாணத்துக்கு ஒரு வளாகம் 1974இல், திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில், பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் வந்தது. அதற்கு முந்திய பல தலைமுறைகளின் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் எழுதுவினைஞர்களும் எங்கே அமர்ந்து படித்தார்கள் என்பதைக் கொண்டு மதிக்கப்படவில்லை. எந்தத் தேர்வைத் தாண்டினார்கள் என்பதே அவர்களின் தகுதியாக இருந்தது. அந்த அளவுகோலை மறந்துவிட்டு, கண்ணாடிக் கட்டடத்தையும் ஆங்கிலப் பெயரையும் தகுதியாக நினைப்பது இந்த மண்ணுக்குப் பிந்தி வந்த பழக்கம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு: ஒரு வருடப் படிப்பு வீணாகிவிடும். இது ஓரளவு உண்மை, அதனாலேயே மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்யவேண்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகம் 2012இல் வந்தது. அதன்படி ஒரு ஆண்டு முழுநேரப் படிப்புக்கு 30 கிரெடிட். 30 கிரெடிட் டிப்ளோமாவுக்குரிய மூன்றாம் மட்டம், 60 உயர் டிப்ளோமாவுக்குரிய நான்காம் மட்டம், 90 பட்டத்துக்குரிய ஐந்தாம் மட்டம், 120 சிறப்புப் பட்டத்துக்குரிய ஆறாம் மட்டம். ஆக, ஆண்டு நடுவில் பதிவை முறித்துக்கொண்டு வரும் பிள்ளைக்குக் கையில் ஒன்றும் இல்லை. ஆண்டுப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்து, விலகற் சான்றிதழ் வழங்கும் நிறுவனமாயின் அதையும் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு ஒரு தகைமை இருக்கிறது. பெற்றார் செய்யவேண்டிய உதவி பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம், ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டமும் கிரெடிட் எண்ணிக்கையும், நிலுவை இல்லை என்ற கடிதம், கட்டிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை விலகும் கடிதம் கொடுப்பதற்கு முன்னரே நிறுவனத்தின் முத்திரையோடு வாங்கிவிடவேண்டும். விலகிய பின் கேட்டால் இழுத்தடிப்புக்கு இடமுண்டு. பிறகு, புதிய இடத்தில் எந்தப் பாடங்களுக்கு விலக்களிப்புக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்கவேண்டும். வாய்மொழி உறுதியை நம்பிப் பதிவுக் கட்டணம் கட்டக்கூடாது. வட்டியில்லா மாணவர் கடனில் படிக்கும் பிள்ளையாயின் இன்னொரு கவனம் தேவை. 2017இல் தொடங்கிய அந்தத் திட்டம் அங்கீகரித்த நிறுவனங்களின் குறித்த கற்கைநெறிகளுக்கே உரியது. படிப்பை விட்டாலும் எடுத்த கடன் நிற்கும். வங்கியோடும் அமைச்சோடும் பேசாமல் விலகுவது ஆபத்து.

இரண்டாவது மறுப்பு அங்கீகாரம் பற்றியது. உயர் டிப்ளோமாவையும் வெளிவாரிப் பட்டத்தையும் வேலை தருவோர் மதிப்பார்களா? இந்தக் கவலைக்கு அடித்தளம் உண்டு. கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவை வணிகப் பட்டத்துக்கு ஈடாகக் கொள்ளும் பொதுநிருவாகச் சுற்றறிக்கை 1990இலேயே வந்தும், அந்த அங்கீகாரத்துக்காக மாணவர்கள் 2015 ஒக்ரோபரில் கொழும்பில் வீதிக்கு இறங்கிப் பொலிஸாரின் தடியடியை வாங்கவேண்டியிருந்தது. தாளில் உள்ள உரிமை நடைமுறையில் தானாக வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இதே கேள்வியைத் தனியார் பட்டங்களிடமும் கேட்கவேண்டும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் குறித்த அந்தப் பட்டத்துக்கு அனுமதி உண்டா? வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருப்பதும் பட்டம் அங்கீகாரம் பெற்றிருப்பதும் வேறு வேறு. அரச வேலையை நோக்கும் பிள்ளைக்குத் திறந்த பல்கலைக்கழகப் பட்டம் பல தனியார் பட்டங்களைவிட ஐயத்துக்கு இடமில்லாதது.

மூன்றாவது மறுப்பை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். தனியார் நிறுவனத்தில் ஆங்கிலச் சூழல், ஒழுங்கான விரிவுரை, தொழிற்பயிற்சிக்கு நிறுவனத் தொடர்பு எல்லாம் இருக்கின்றன. வெளிவாரி மாணவருக்குப் பாடத்திட்டமும் பரீட்சைத் திகதியும்தான் கிடைக்கின்றன. மற்றதைத் தானே தேடவேண்டும். வெளிவாரியாகப் பதிவோரில் முடிப்போர் குறைவு என்பது நெடுங்காலக் குறைபாடு. வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை, பகலில் கடையிலோ தோட்டத்திலோ உதவி செய்து, மாலையில் களைத்துப்போய்ப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பரீட்சையோடு படிப்பு நின்றுவிடும். ஆகவே மிச்சம் பிடித்த காசின் ஒரு பகுதியைப் படிப்புக்கே திருப்பவேண்டும்: ஒழுங்கான வகுப்பு, கணினி, இணைய இணைப்பு, ஆங்கிலம், வாரத்தில் குறித்த நாட்களில் கூடிப் படிக்க இரண்டொரு துணை. வீட்டில் ஒரு மேசையும், அந்த மேசையில் இருக்கும்போது எவரும் கூப்பிடாத நேரமும் வேண்டும். இதை உறுதிசெய்ய முடியாத வீடு, மாற்றத்தால் காசை மிச்சம் பிடித்துப் படிப்பை இழந்துவிடும்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். செலவு கூடிவிட்டது என்று முதலில் ஊருக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் அவர்கள்தான். அழைத்த பின், வீட்டு வேலையும் கலியாணப் பேச்சும் படிப்பின் இடத்தைப் பிடித்துவிடுகின்றன. புதிய இடத்தில் பதிவு முடிந்து பற்றுச்சீட்டுக் கைக்கு வரும்வரை மகளின் பழைய பதிவை விடக்கூடாது. தம்பியின் படிப்புக்காக அக்காவின் படிப்பைக் குறைப்பதும் செலவுகுறைப்பு ஆகாது.

எல்லோரும் மாறவேண்டும் என்பதும் என் வாதமல்ல. இறுதியாண்டில் இருப்பவர் எப்பாடுபட்டாவது முடிப்பதே நல்லது. அவருடைய இனிமேற் செலவு குறைவு, கைக்கு வரும் தகைமை முழுமையானது. பொறியியலில் இருப்பவர் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரத்தையும், மருத்துவத்தில் இருப்பவர் மருத்துவச் சபையின் விதிகளையும் பார்க்காமல் அடி எடுத்து வைக்கக்கூடாது. அந்தத் துறைகளில் இடைநடுவில் மாறுவதற்கு வழி மிகக் குறைவு. மாற்றம் அதிகம் பயன்தருவது முதலாம் ஆண்டு முடிவிலும், கணினி, முகாமைத்துவம், கணக்கியல், ஆங்கிலம் போன்ற துறைகளிலும்தான். தற்செயலாக, குடாநாட்டிலிருந்து கட்டணம் கட்டிப் படிக்கப் போவோர் அதிகம் எடுப்பதும் அந்தத் துறைகளையே.

பிள்ளையின் மனம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. கூடப் படித்தவர்கள் கொழும்பிலிருந்து படம் போட, தான் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் குருநகர் பஸ்ஸுக்கு நிற்பது பத்தொன்பது வயதில் வலிக்கும். அந்த வலியைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வீட்டுப் பேச்சுத்தான். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதை முதலிலிருந்தே அறிந்த பிள்ளை முடிவில் பங்காளியாகிறது. கடைசித் தவணை கட்ட முடியாத நாளில் திடீரென்று அறியும் பிள்ளை தன்னைக் குற்றவாளியாக நினைக்கிறது. ஊரார் கேட்டால் என்ன சொல்வது என்று தாய் தகப்பன் பயப்படும் வரைக்கும் பிள்ளையால் நிமிர்ந்து நிற்க முடியாது.

குடும்பங்கள் தம் பங்கைச் செய்தாலும், அரசும் பல்கலைக்கழகங்களும் தம் பங்கைச் செய்யாதவரை மாற்றம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருக்கும். கலிபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரியில் தொடங்கிப் பின் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை ஒழுங்கான வழியாகவே அமைத்துவிட்டார்கள். இந்தியா 2021இல் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கியை ஏற்படுத்தியது. அதன் நடைமுறையில் குறைகள் உண்டு, ஆனால் மாணவர் படித்த பாடம் மாணவருக்கே சொந்தம் என்ற கொள்கை அதில் இருக்கிறது. நம்மிடம் தகைமைகள் சட்டகம் இருந்தும், ஓரிடத்தில் பெற்ற கிரெடிட்டை இன்னோரிடம் ஏற்பதா என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் குருநகர் நிறுவகமும் சேர்ந்து, எந்த டிப்ளோமாவின் எந்தப் பாடத்துக்குத் தம்மிடம் விலக்களிப்பு உண்டு என்ற பட்டியலைத் தமிழில் தயாரித்து, உயர்தர முடிவுகள் வரும் மாதத்திலேயே வடமாகாணப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அது வரும்வரை காத்திராமல், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக நகையை எடுத்து வைத்திருக்கும் பெற்றார், அடகுக் கடைக்குப் போக முன்னர் அந்த மூன்று வாசல்களிலும் ஒருமுறை ஏறி விசாரிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.